ஏரிக்கரையில் காப்பி போட்டோம், ஊர் காலியானது

கேம்ப்பர் வேனில் நல்ல ஃபில்டர் காப்பி போட முடியுமா என்று போன பதிவின் கீழே நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். 1976 புரட்டாசியில், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஏரிக்கரையில், கட்டை வண்டி அளவுகூட இல்லாத ஒரு ட்ரெய்லரில் நான் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் காப்பியைப் பற்றி எழுதினால் அங்கே நடந்ததையும் எழுதியாக வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

என் வீட்டுக்காரர் சென்னையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் தொழிற்சாலைகளுக்கு நிலத்தைச் சமன்படுத்திக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கொட்டகையின் கூரை வேலை இவருக்குக் கிடைத்தது. மூன்று நாள் வேலை, பக்கத்தில் தங்க லாட்ஜ் கிடையாது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, பட்டறையில் மிஞ்சிய இரும்பையும் தகரத்தையும் வைத்து எட்டடிக்கு ஐந்தடியில் சக்கரம் வைத்த வீடு ஒன்றைக் கட்டினார். மடக்குக் கட்டில் ஒன்று, ஸ்டவ் வைக்க ஒரு பலகை, ஜன்னலுக்குப் பச்சைத் திரை. பெயிண்டுக்குத் தனியாகச் செலவழிக்க மனம் வராமல், மிச்சம் கிடந்த வெள்ளை எனாமலை உள்ளும் புறமும் அடித்துவிட்டார். அந்த வெள்ளைப் பெயிண்டை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கூடப் போனதற்குக் காரணம் காப்பிதான். அவர் போடும் காப்பியை அவரே குடிக்க மாட்டார்.

காலை ஆறு மணிக்குப் பழைய மிலிட்டரி ஜீப்பில் ட்ரெய்லரைக் கோத்துக்கொண்டு கிளம்பினோம். பூந்தமல்லி வழியாகத் திருவள்ளூர், சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் ட்ரெய்லர் வாலை ஆட்டும். திருவள்ளூரில் கோயில் குளத்துப் பக்கம் என் பிறந்த வீடு. அண்ணா கோயில் கைங்கரியத்தில் இருந்தார். புரட்டாசி சனிக்கிழமை நெருக்கத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. இருந்தும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, படுக்கையும் அடுப்பும் ஒரே அறையில் இருக்கிற இடத்தில் தீர்த்தம்கூடச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மன்னியிடம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் வாங்கிக்கொண்டேன், இந்தச் சுற்று வழியே அதற்காகத்தான். கடைத்தெருவில் கால் கிலோ காப்பித்தூள் ஆறு ரூபாய், கண்ணெதிரே வறுத்து அரைத்தது.

இங்கேதான் முதல் தப்பு. போகிற வழியிலேயே டிகாக்‌ஷன் இறங்கட்டும் என்று ஃபில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி எடுத்துக்கொண்டேன். பெரியபாளையம் வரை முப்பது கிலோமீட்டர், பாதிக்கு மேல் குண்டும் குழியும். அங்கே நிறுத்தித் திறந்தால், கீழ்த்தட்டில் ஒரு சொட்டு இல்லை. குலுங்கிக் குலுங்கித் தூள் சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தது. ஆகவே ஃபில்டரில் தூள் போடுவதெல்லாம் வண்டி நின்ற பிறகுதான்.

ஆரணி, புதுவாயல், கவரைப்பேட்டை என்று சுற்றிக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்கு இடத்துக்கு வந்தோம். மெயின் ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே ஓர் ஏரிக்கரை. இந்தப் பக்கம் முப்பது வீடுகள் கொண்ட சின்ன ஊர், அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். நாங்கள் நிறுத்தும்போது ஆட்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். கையை ஆட்டினேன், யாரும் பதிலுக்கு ஆட்டவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொட்டகை வேலைக்கு அவர் ஜீப்பில் போய்விட்டார். நான் காப்பிக்கு ஆயத்தமானேன். அந்தக் காலத்துப் பம்ப் ஸ்டவ்வைப் பற்ற வைக்க முதலில் ஸ்பிரிட் ஊற்றி எரிக்க வேண்டும். கரி படாமலிருக்க, அவர் டிப்ளமா படித்த நாளில் லேபரட்டரியில் போட்டுக்கொண்ட வெள்ளைக் கோட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டேன். தலையில் ஒரு துணி. ட்ரெய்லருக்கு வெளியே ஸ்டவ்வை வைத்து, டம்ளர், ஸ்பூன், ஃபில்டர் எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பினேன். பிறகு ஃபில்டரில் தூள் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டு, பால் வாங்கச் சொம்போடு ஊருக்குள் நடந்தேன்.

ஊரில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. கட்டில்கள் காலியாகக் கிடந்தன, பாதி சாப்பிட்ட கஞ்சி கிண்ணத்தில் இருந்தது. நான் வருவதைப் பார்த்து ஒரு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. கடைசி வீட்டின் பின்னாலிருந்து ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்றங்காலை மிதித்துத் தோப்பைப் பார்த்து ஓட்டம் எடுத்தார். அறுபது வயது இருக்கும். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. வெறும் சொம்போடு திரும்பி வந்தேன்.

டிகாக்‌ஷன் அன்றைக்கு என்ன மணம் தெரியுமா? பால் இல்லை. வயிற்றெரிச்சலோடு படியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கலாம், உடம்பில் ரத்தமே இல்லாத மாதிரி வெளுத்திருந்தாள். கையில் தளும்பத் தளும்ப ஒரு சொம்பு பால். என் கையில் கொடுத்தாள். காசு எடுக்க நான் திரும்புவதற்குள் ட்ரெய்லருக்குள் ஏறி, மடக்குக் கட்டிலில் மல்லாக்கப் படுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சீக்கிரம் பண்ணி வுட்டுடுமா. ஊட்டுக்காரர் வரதுக்குள்ள."

மயக்கம் போட்டு உளறுகிறாளோ என்று பயந்துவிட்டேன். என்ன பண்ணணும் என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். எனக்குச் சுருக்கென்று புரிந்தது. வெள்ளை வண்டி, பச்சைத் திரை, ஸ்பிரிட் வாடை, கொதிக்கிற பாத்திரம், வெள்ளைக் கோட்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் வண்டி என்று நினைத்திருக்கிறார்கள். அது எமர்ஜென்சி காலம். ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. எது நிஜம், எது வதந்தி என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் வந்து நின்ற சாயங்காலமே பாதிப் பேரும், காலையில் கோட்டைப் பார்த்ததும் மீதிப் பேருமாக ஊரிலுள்ள அத்தனை ஆண்களும் சவுக்குத் தோப்புக்குப் போய்விட்டார்கள். என் காப்பிக் கடைக்குப் பயந்து.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, கட்டிலில் அவள் படுத்திருந்தாளே.

அவள் பெயர் கன்னியம்மா. ஐந்து பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் சாகப் பிழைக்கக் கிடந்தாளாம். இன்னொன்று உண்டானால் உயிர் தங்காது என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"ரெண்டு பேர்ல யாரனா ஒருத்தர் பண்ணிக்கோங்கனு டாக்டரம்மா சொன்னாங்க. அவரு ஓடிட்டாரு. மிச்சம் நான்தான் கீறேன்" என்றாள்.

இது ஆஸ்பத்திரி இல்லம்மா, காப்பி போடுகிற வண்டி என்றேன். அவள் நம்பவில்லை. பால் பத்தாதா, இன்னொரு சொம்பு நாத்தனார் மாட்டில் கறந்து வரட்டுமா என்று கேட்டாள். கடைசியில் ஃபில்டரைத் திறந்து காட்டினேன். அவள் கொண்டுவந்த பாலையே ஒரே ஒரு கொதியில் இறக்கி, காப்பி கலந்து கையில் கொடுத்தேன். குடித்துப் பார்த்தாள். "இதுக்கா ஊரே ஓடிச்சி?" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கு அந்த வண்டிதான் கடைசி நம்பிக்கை. தானாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் புருஷனும் மாமனாரும் விட மாட்டார்கள். இரண்டு தடவை பஸ்ஸிலிருந்து இறக்கி இழுத்து வந்திருக்கிறார்கள்.

பாதி டம்ளரில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காப்பி வண்டினு யார் கைலயும் சொல்லாதமா. அவுங்க தோப்புலயே கெடக்கட்டும்."

அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு மூளை பாருங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அடுத்தவன் பெண்டாட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால் நாளைக்கு ஊர் திரண்டு வந்து உதைக்கும் என்றார். நியாயம்தான். கன்னியம்மா ஒன்றும் கெஞ்சவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வெளுத்த கையை ஒரு தடவை பார்த்தார் அவர். போய் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டார். வெள்ளை வண்டி ஏரிக்கரையிலேயே நிற்க, ஜீப் மட்டும் எங்கள் மூவரோடு கிளம்பியது.

பொன்னேரி பதினேழு கிலோமீட்டர். புருஷன் எங்கே என்று நர்ஸ் கேட்டார். சவுக்குத் தோப்புல என்றாள் கன்னியம்மா. டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் தள்ளினதே தப்பு, நாளைக் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். கன்னியம்மா தானே கைநாட்டு வைத்தாள்.

ஆகவே அன்று மட்டுமல்ல, மறுநாளும் நாங்கள் ஆஸ்பத்திரி வண்டியாகவே இருக்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் நான் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்பூன்களைக் கொதிக்க வைத்தேன். தேவையே இல்லாமல் மூன்று தடவை. யாராவது தைரியமான ஆள் கிட்டே வந்து பார்த்தால் தீர்ந்தது. நாத்தனார்க்காரி பால் கொண்டுவந்தாள். அண்ணன் பெண்டாட்டி எங்கே போயிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஊரிலிருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும் போலிருக்கிறது.

"கதவ நல்லா தொறந்து வெய்யிமா. அந்த ஸ்பிரிட்டு வாடை தோப்பு வரைக்கும் போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆபரேஷன் ஆகிவிட்டது, கண் விழித்துப் பேசினாள் என்றார். அப்போதுதான் அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

காப்பிக்காக மட்டும் படிக்க வந்தவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகப் போகத் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதனால் நல்ல தண்ணீரை முன்னாடியே பிடித்துக்கொள்ளுங்கள். தூளைச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து வைத்தால் மணம் போகாது. காற்று அடிக்கிற இடத்தில் ஸ்டவ்வைச் சுற்றி மறைப்பு வேண்டும், இல்லையென்றால் வெந்நீர் காய்வதற்குள் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். பாலை இரண்டாம் தடவை காய்ச்சாதீர்கள். மூன்று நாளைக்கு எங்களுக்குப் பெட்ரோல் உட்படத் தொண்ணூறு ரூபாய் ஆனது, இன்றைய கணக்குக்கு அது உதவாது. வண்டிக்கு எந்த வண்ணம் வேண்டுமானாலும் அடியுங்கள், வெள்ளை மட்டும் வேண்டாம்.

வேலையின் மூன்றாம் நாள், காலையிலேயே மிச்சத்தை முடித்துக்கொண்டு அவர் வந்ததும் ட்ரெய்லரைக் கோத்தோம். அதைப் பார்த்துவிட்டுத் தோப்பிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். உடம்பெல்லாம் கொசுக்கடி. ஒல்லியாக ஒருவன் மட்டும் வீட்டுப் பக்கம் போய்விட்டுக் கிட்டே வந்து, கிளம்பிட்டீங்களா சார் என்று சந்தோஷமாகக் கேட்டான். நல்ல வேளை, நாங்க தப்பிச்சோம் என்றான். கன்னியம்மாவுக்குப் பிளாஸ்க்கில் ஊற்றியது போக மிச்சமிருந்த டிகாக்‌ஷனில் ஒரு டம்ளர் கலந்து கொடுத்தேன். ரசித்துக் குடித்தான்.

"நான் முனுசாமி. வந்து பாத்தா ஊட்ல எங்க ஆளக் காணோம். கன்னியம்மானு பேரு. தங்கச்சி வாயே தொறக்க மாட்டேங்குது. நீங்க இந்தப் பக்கம் எங்கனா பாத்தீங்களாமா?"

டம்ளர் அவன் கையில் இருந்தது. நான் மறைக்கவில்லை. பொன்னேரியில் இருக்கிறாள், ஆபரேஷன் ஆகிவிட்டது, உயிரோடு நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

முனுசாமி கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எனக்குப் பண்ணியிருந்தா அரை மணில ஊட்டுக்கு அனுப்பிடுவாங்களாமே. நெசமாமா?" என்று கேட்டான்.

நிஜம்தான் என்றேன்.

"அவளுக்கு?"

வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள், எட்டு நாள் படுத்திருக்க வேண்டும் என்றேன். அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவன் வார்டு எங்கே என்று கேட்கவில்லை. வாட்ச்மேனிடம் போய், ஆம்பளைங்களுக்குப் பண்ற எடம் எது என்று கேட்டான்.

அவளுக்குத்தான் ஆகிவிட்டதே, இனிமேல் உனக்கு எதற்கப்பா என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அப்ப நான் பண்றதுக்கு இன்னாமா மிச்சம் கீது?"

அவளுக்காகப் போட்டு எடுத்து வந்த காப்பி பிளாஸ்க்கை அவன் கையில் கொடுத்து, பெண்கள் வார்டு, இடது பக்கம் மூன்றாவது கட்டில் என்றேன்.