வாத்தியார் மகளின் கணக்குத் தாள்

தடித்த தாளை ஊசி குத்தி வெளியே வரும்போது கேட்கிற ‘டப்’ என்ற சின்னச் சத்தம் வந்தால், எங்கள் வீட்டில் முழுப் பரீட்சை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அரியலூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் அப்பா கணக்கு வாத்தியார். விடைத்தாளில் பெயர் எழுதிய மூலையை மடித்து, வெள்ளை நூலால் தைத்த பிறகுதான் சிவப்புப் பேனாவைத் தொடுவார். யார் தாள் என்று தெரிந்தால் கை சாய்ந்துவிடும் என்பார். மற்ற வாத்தியார்கள் அவருக்குத் ‘தையக்கார சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் அவரிடமே ஒன்பதாம் வகுப்பு படித்தேன். அவர் எழுத்தைப் பார்த்தே எழுதப் பழகியவள் நான் என்பதால், மூலையைத் தைத்தாலும் என் தாளைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அதோடு இன்னும் சில தாள்களைக் கலந்து கட்டி, பஸ் ஏறிப்போய், பெரம்பலூரில் இருந்த இன்னொரு கணக்கு சாரிடம் திருத்தக் கொடுத்தார். எனக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. பாஸ் மார்க் முப்பத்தைந்து. வாத்தியார் மகளே ‘கோட்டு’ அடித்துவிட்டாள் என்று ஊர் சிரிக்குமே என்ற பயத்தில் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டு திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா தாள்களைத் தரையில் பரப்பி மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். என் தாளில் முப்பத்தேழு. எட்டிப் பார்த்த எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அப்பா இன்னொரு தாளை இழுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். கடைசிக் கணக்கு, வயலின் பரப்பளவு. இரண்டிலும் படம் சரி, சூத்திரம் சரி, பெருக்கலில் ஒரே தப்பு. எனக்கு எட்டு மார்க், அந்தத் தாளுக்கு இரண்டு. என் எழுத்து யார் எழுத்து மாதிரி என்பது பெரம்பலூர் சாருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுப்படியிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அம்மா, அந்தப் பிள்ளைக்கும் எட்டே போட்டுவிடச் சொன்னாள்.

“இதே தப்புக்கு மத்த புள்ளைங்களுக்கெல்லாம் அஞ்சுதான் போட்டிருக்கேன்,” என்றார் அப்பா.

“நம்ம புள்ளைக்கு ஒரு வருஷம் வீணாப் போயிடுங்க.”

“தெரியுது.”

என் எட்டை அடித்து ஐந்து போட்டார். முப்பத்துநான்கு. அந்தத் தாளின் இரண்டை அடித்து ஐந்து போட்டார். முப்பத்துமூன்று முப்பத்தாறு ஆனது. அதற்குப் பிறகுதான் நூலை அறுத்துப் பெயரைப் பார்த்தார். வள்ளி. பெயிலானால் முந்திரிக்கொட்டை உடைக்கப் போக வேண்டியதுதான் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தது வகுப்பு முழுக்கத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவள் தப்பித்ததில் எனக்கு அன்றைக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை. அப்பாவை வெறுத்தேன்.

ஜூனில் வள்ளி பத்தாம் வகுப்புக்குப் போனாள். நான் அதே அறையில், என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். முதல் பீரியட் கணக்கு. வருகை எடுத்த அப்பா என் பெயரைப் படித்தார். எழுந்து, “உள்ளேன் ஐயா,” என்றேன். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போது பெரிய பரீட்சைத் தாள்களை யாரும் வீட்டுத் தரையில் பரப்பித் திருத்துவதில்லை. எங்கோ ஓர் ஊரில், பிள்ளைகள் யாரென்றே தெரியாதவர்கள் திருத்துகிறார்கள். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். அப்பாவும் இப்போது இல்லை. ஆனால் அவர் என் தாள் என்று தெரிந்தேதான் அந்த மூன்று மார்க்கைக் குறைத்தார். சரியாகத்தான் செய்தார். அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம்தான் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.