கிணற்றைப் பார்த்துப் பேசிய மோதினார்

பள்ளிவாசல்துறை மோதினார் ஹயாத்து முகம்மது படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் அரைகுறை. ஆனால் கிழிந்த வலை பொத்திக் கொடுத்தே கல்வீடு கட்டிய மனிதர். முப்பது வருடமாகத் தொழுகைக்கு அழைத்து ஐந்து வேளையும் பாங்கு சொல்கிறவர். "நான் பாங்கு சொன்னா நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டும் திரும்பிப் பாக்கும்" என்பார். அதைப் பொய்யென்று நிரூபித்தவர் இன்றுவரை எவருமில்லை.

ஊர்க் கிணறுகள் உப்பாகிவிட்டன. தண்ணீரைச் சுத்தமாக்கும் மெசின் ஒன்றைத் தர ஒரு நிறுவனம் முன்வந்தது. மெசின் ஒன்று, கேட்ட ஊர்கள் மூன்று. ஊருக்கு ஒருவர் புத்தளத்துக்கு வந்து, படம் காட்டி, மெசின் தங்கள் ஊருக்கு ஏன் வேண்டுமென்று பத்து நிமிடம் பேச வேண்டுமாம். படமெல்லாம் தயார் செய்து வைத்திருந்த றஸ்மி மாஸ்டருக்கு இரண்டு நாளுக்கு முன் கூகைக்கட்டு வந்து, கன்னம் இரண்டும் பப்பாசிப் பழமாக வீங்கிவிட்டன.

"மைக்குக்குப் பயப்படாத ஆள் மோதினார்தானே" என்றது பள்ளிவாசல் நிர்வாகம்.

"பத்து நிமிசமா? எனக்கு மூச்சு விடவே அது காணாது" என்றார் மோதினார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி ஜெய்னம்பு, பக்கத்து வீட்டு சாரா உம்மாவையும் கூட்டிவந்து எதிரே கதிரை போட்டு உட்கார்ந்தாள். நான்கு கண்களும் மோதினாரையே பார்த்தன. அவருடைய நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்ன மோதினாரே, மீன் முள்ளு சிக்கிட்டா?" என்றாள் சாரா உம்மா.

"ரெண்டு கிழவிக்கே இப்படியெண்டா, அங்க கோட்டுப் போட்ட ஆக்களெல்லாம் இருப்பாங்களே!" என்றாள் ஜெய்னம்பு.

அப்போதுதான் அவருக்கே விசயம் பிடிபட்டது. பாங்கு, தொழும் திசையான கிப்லாவை நோக்கிச் சொல்வது. முன்னால் சுவர், முதுகுக்குப் பின்னால் ஊர், காதில் விரல். முப்பது வருடத்தில் ஒரு முகத்தைப் பார்த்து அவர் குரல் எழுப்பியதே இல்லை! ஆனால் வாய்விட்ட வார்த்தையை எந்த வாயால் திரும்ப வாங்குவது?

புறப்படும்போது ஜெய்னம்பு ஒரு போத்தல் தண்ணீரைக் கையில் திணித்தாள். "தொண்ட காஞ்சா குடிங்க. நம்ம கிணத்து உப்புத் தண்ணிதான், வேற என்ன இரிக்கி?"

மண்டபத்தில் முப்பது முகங்கள். மோதினார் ஸலாம் சொன்னார். அதோடு எல்லாம் மறந்துபோனது. கணினியின் முன் இருந்த மீனவர் சங்கச் செயலாளர் றிப்னாஸ் பதறிப்போய் முதல் படத்தைப் போட்டான். என்னவென்று பார்க்க மோதினார் திரும்பினார்.

சுவரில் அவருடைய வீட்டுக் கிணறு. முன்னால் ஒரு முகமும் இல்லை!

கைகள் தாமாக எழுந்து காதுக்குப் போயின. குரல் கிளம்பியது. யன்னல் கண்ணாடி அதிர, கிணறு கிணறாக உப்புக் கணக்குச் சொன்னார். பத்து நிமிடத்துக்கு மணி அடித்தார்கள். காதில் விரல் இருக்கிறவருக்கு மணியாவது கிணியாவது! பதினேழாவது நிமிடத்தில் றிப்னாஸ் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஐயா, கொஞ்சம் எங்கட பக்கம் திரும்புங்க" என்றார் நடுவில் இருந்த அதிகாரி அம்மா. "தண்ணி அவ்வளவு மோசமா?"

திரும்பினார். மறுபடி முகங்கள். மறுபடி நாக்கு ஒட்டியது. பேச்சுக்குப் பதிலாகப் போத்தலை நீட்டினார். அம்மா ஒரு மிடறு குடித்தார். மூக்கு சுருங்கி, ஒரு கண் மூடி, உதடு ஒரு பக்கம் கோணியது. அச்சொட்டாக, ஜெய்னம்பு தினமும் காலைத் தேத்தண்ணி குடிக்கிற முகம்!

மோதினாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதத்தாம்மா எங்கட ஊர்ல இருநூத்திப் பன்னிரண்டு வீடும் குடிக்கிற" என்றார், அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தே. போத்தல் கைமாறிப் போகப் போக, கோட்டுப் போட்ட முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கோணின. பயந்து நடுங்க அங்கே இனி யார் மிச்சம்?

மெசின் பள்ளிவாசல்துறைக்கே வந்தது. திறப்பு விழாவில் மோதினார் சனத்துக்கு நேரே நின்று முக்கால் மணிநேரம் பேசினார். ஜெய்னம்பு சாரா உம்மாவின் பக்கம் சாய்ந்தாள்.

"முந்தி அவர் காதுல விரல வச்சாரு. இப்ப வைக்க வேண்டியது நாங்கதான்."