அரைப்பேர் போதும்

எங்கள் அணி கோல் போட்டால் எனக்குப் பயம் வந்துவிடும். கோல் இல்லாமல் ஆட்டம் போய்க்கொண்டிருக்கும்வரை நிம்மதியாகக் கடலை கொறிப்பேன். நாங்கள் ஒன்று போட்டுவிட்டோமோ, பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவேன். அடுத்து நடக்கப்போவது அவ்வளவு நன்றாகத் தெரியும். எல்லோரும் பின்னால் போய் எங்கள் கோல் கம்பத்தடியில் நின்றுகொள்வார்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி. பந்து வரும், கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். திரும்ப வரும், திரும்ப அடிப்பார்கள். கடைசியில் ஒன்று உள்ளே போகும். பிறகு இன்னொன்றும் போகும். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் ஏறிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள்.

பதுளையிலிருந்து ஒரு உதைபந்தாட்ட அணி நாட்டின் மேல் பிரிவுக்கு ஏறியபோது நாங்கள் பட்ட பெருமைக்கு அளவில்லை. பஜாரில் வெடி போட்டார்கள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் பிள்ளைகள் தகர டின்னைத் தட்டி ஆடினார்கள். மேல் பிரிவு என்பதால் சம்பளத்துக்கு ஆட வெளியூரிலிருந்து சிலர் வந்தார்கள். முன்வரிசைக்கு ஆபிரிக்காவிலிருந்து ஒருவர் வந்து, ஒரே வாரத்தில் றொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் அடிமையானார். மற்றவர்கள் நம்ம ஆட்கள். ஒருவர் டவுனில் ஃபோன் கடையில் நிற்கிறார், ஒருவர் லுணுகலையில் ஆட்டோ ஓட்டுகிறார். நடுப் பின்வரிசையில் நிற்கிறவன் எங்கள் தோட்டத்து மேல் லயத்துத் தம்பி. கிளப் கொடுப்பது வீட்டுக்குக் காணாது என்று ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் இரவு வேலையும் பார்க்கிறான். விடிய விடிய இலை அள்ளிவிட்டு, பகலில் கொழும்புக்காரர்களை மறிக்க வேண்டும்.

நான் கீழ் லயம். டவுனில் ஒரு கணினி வகுப்பில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை வகுப்பை எப்படியாவது பகலுக்கு முன் முடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடுவேன். அங்கே என் பக்கத்து இடம் நானாவுடையது, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார், மகனைக் கடையில் உட்காரவைத்துவிட்டு வருவார். எங்கள் அணியில் பாதிப் பேருக்கு பூட்ஸ் விற்றவர் அவர்தான். அதனால் திட்டும்போதும் தொழில் வாசம் வரும். "அவனுக்கு ஒம்பதாம் நம்பர் காலு, ஏழாம் நம்பர் மூள" என்பார். பின்னால் இருப்பவர்கள் சிரித்தால் திரும்பிப் பார்த்து, சிரிக்கிறதுக்கா டிக்கட் எடுத்தீங்க என்று அவர்களையும் ஒரு பிடி பிடிப்பார்.

வெளியூர் ஆட்டங்கள் இன்னும் கொடுமை. யாராவது ஒருவர் ஃபோனில் நேரடியாகக் காட்டுவார். எங்கள் லயத்தில் சிக்னல் வராது. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்தான் வரும், அதுவும் நமுனுகுலைப் பக்கம் முகில் இறங்காத நாட்களில். குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பேன். படம் உறையும்போது எங்கள் ஆள் பந்தை வைத்திருப்பார். படம் திரும்ப ஓடும்போது எங்கள் கோலி வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருப்பார். நடுவில் என்ன நடந்ததென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

எனக்குத் தோல்வியில்கூட அவ்வளவு கோபமில்லை. இவர்கள் பயந்து ஆடுகிறார்களே என்பதுதான் கோபம். கீழ்ப் பிரிவில் இதே பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தவர்கள். மேலே வந்ததும், பெரிய வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்கள்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார்கள். அணியின் ஃபேஸ்புக் ரசிகர் பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் நீளநீளமாக எழுதினேன். முன்னால் போங்கள், இரண்டு கோல் வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு தடவையாவது முன்னால் போங்கள் என்று எழுதாத வாரமில்லை.

அரைப்பேர் என்ற சொல் எங்களுக்கு அம்மாவிடமிருந்து வந்தது. ஒரு சனிக்கிழமை கோல் எதுவும் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. அம்மா மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்து, ஜெயித்தார்களா தோற்றார்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை, டிரோ, ஆளுக்கொரு புள்ளி என்றேன். அம்மா கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "அப்ப அரைப்பேருன்னு சொல்லு."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். சொன்ன அளவு கொழுந்து பறிக்கவில்லையென்றால், தராசடியில் வைத்தே அரைப்பேர் என்று சொல்லி பாதி நாளாக்கிவிடுவார்கள். நான் அதை அன்றைக்கே ரசிகர் பக்கத்தில் போட்டேன்: இன்று அரைப்பேர். சொல் பற்றிக்கொண்டது. டிரோ என்று சொல்வாரே இல்லை. டவுன் ஆட்கள், தோட்டத்தையே பார்க்காதவர்கள்கூட, இந்த வாரம் அரைப்பேராவது கிடைக்குமா என்று எழுத ஆரம்பித்தார்கள். நானாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே திரிந்தார்.

சீசனின் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரணி கொழும்பு. ஜெயித்தாலும் டிரோ செய்தாலும் மேல் பிரிவில் நிற்போம், தோற்றால் இறங்குவோம். அன்றைக்கு நானா கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தார். அம்மாகூட டவுனுக்கு வரும் வேலையை அந்தச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டார். மைதானத்துக்குள் வரமாட்டேன், பஸ்ஸில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

முதல் கோல் அவர்களுடையது. எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இடைவேளைக்குப் பிறகு ஆபிரிக்காக்காரர் எம்பி, தலையால் இடித்து ஒன்றைத் திருப்பினார். ஒன்றுக்கு ஒன்று. நான் கடலையை மடித்து வைத்தேன்.

அன்று எங்கள் ஆட்கள் பின்னால் போய் நின்றது சரி. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரி. பந்தை அடித்து வெளியே தள்ளினால் போதும், ஆற்றில் போய் விழுந்தாலும் போதும். மேல் லயத்துத் தம்பி அன்று மலை மாதிரி நின்றான். ஒவ்வொரு பந்தையும் தலையாலும் நெஞ்சாலும் வாங்கினான். கடைசி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எங்கள் பயிற்சியாளர் கரையோரத்திலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. ஆனால் நாலு வார்த்தையாவது பேசவேண்டும் என்று ஆசைப்படுகிற மனிதர். அவர் கோட்டோரம் வந்து, இரண்டு கையையும் கீழே அமுக்கிக் காட்டி, தமிழில் கத்தினார்: "அரைப்பேர். அரைப்பேர் போதும்."

எங்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. நானா எழுந்து நின்று கைதட்டினார். போன வாரம் பூட்ஸ் வாங்க வந்தபோது, டிரோவுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று பயிற்சியாளர் கேட்டாராம். "நான்தான் படிப்பிச்சுக் குடுத்தேன்" என்று நானா என் தோளைத் தட்டினார். பயிற்சியாளர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி கத்தினார். நாங்களும் சேர்ந்து கத்தினோம்.

அடுத்த பந்து மேல் லயத்துத் தம்பியின் காலுக்கு வந்தது. அடித்துத் தள்ளப்போகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் அடிக்கவில்லை. ஒரு தடவை கோட்டோரம் திரும்பிப் பார்த்தான். பிறகு பந்தோடு ஓட ஆரம்பித்தான்.

நடுக்கோட்டைத் தாண்டினான். ஒருவன் வந்து மோதினான், அவன்தான் விழுந்தான். இன்னொருவனை ஏமாற்றிவிட்டுப் போனான். சீசன் முழுக்க எங்கள் கோல் பெட்டியை விட்டு வெளியே வராத பையன், கொழும்புக்காரர்களின் பெட்டிக்குள் நுழைந்தான். மைதானமே எழுந்துவிட்டது. நானா மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு, எங்க போறான், எங்க போறான் இவன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி அடித்தான். கோலி பாய்ந்து குத்தினார். குத்திய பந்து அவர்களுடைய ஆளிடம் போனது. எங்கள் பக்கம் நடுவில் நிற்கவேண்டிய இடத்தில் யாரும் இல்லை. மீதியை எழுத எனக்கு விருப்பமில்லை. இரண்டுக்கு ஒன்று. இறங்கிவிட்டோம்.

நானா வாசல்வரை வாய் மூடவில்லை. "வருஷம் பூரா பயந்து ஆடினானுகள். ஒரே ஒரு நாள் பயந்து ஆடச் சொன்னா, அன்டக்கித்தான் வீரம் வந்தீக்குது" என்றார். நானும் ஆமாம் போட்டேன். எனக்கும் அழுகையும் ஆத்திரமுமாக இருந்தது.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் அம்மா சாமான் பைகளோடு உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு முன்னமே வந்துவிட்டது. பஸ் கிளம்பும் நேரத்தில் அந்தத் தம்பி ஏறினான், தலை ஈரம், தோளில் பை. பஸ்ஸே பேச்சை நிறுத்தியது. ஜன்னலோரம் இருந்தவர்கள் வெளியே பார்த்தார்கள். அம்மா பையை மடியில் எடுத்துக்கொண்டு அவனுக்கு இடம் விட்டார். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன்டா போன? அடிச்சு வெளிய தள்ளியிருக்கலாம்ல?"

அவன் பையின் வாரைத் திருகினான். "கோச் சேரு அரைப்பேருன்னாரு, அக்கா" என்றான். "கையக் காட்டிக் காட்டி, அரைப்பேரு போதும் இவனுக்குன்னு. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. ஸ்டோருலேர்ந்து நேரா வந்து ஆடுறேன், ஒரு பந்த விடல. அப்பறமும் அரைப்பேருன்னா?"

ரசிகர் பக்கத்தையெல்லாம் பார்க்க அவனுக்கு நேரம் ஏது. பகலில் பயிற்சி, இரவில் ஸ்டோர், இடையில் கிடைத்ததைத் தூங்குகிறவன். நாங்கள் மாதக்கணக்கில் விளையாட்டாகச் சொன்ன சொல் அவன் காதில் அன்றுதான் விழுந்திருக்கிறது, அதுவும் ஒரு மேலாளின் வாயிலிருந்து, நாலு பேருக்கு முன்னால். அரைப்பேர் விழுந்த நாட்களில் அம்மா எப்படி வீட்டுக்குள் வருவார் என்பது எனக்குத் தெரியும். கூலி குறைந்தது பிறகுதான் உறைக்கும். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, உன் நாள் பாதிதான் என்று சொன்னார்களே, அதுதான் முதலில் சுடும். முதுகு ஒடியப் பறித்திருந்தாலும், மழையில் கொழுந்து இல்லாமல் போயிருந்தாலும், சொல் ஒன்றுதான்.

அம்மா அவனைப் பார்க்காமல் சொன்னார்: "பின்ன ஓடாம."

முன் சீட்டில் இருந்த ஒரு அக்கா தலையை ஆட்டினார். பஸ்ஸில் பாதிப் பேர் மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். சேர் அவனைச் சொல்லவில்லை, அந்தச் சொல்லுக்கு அவருக்கு அர்த்தமே தெரியாது, நாங்கள் டிரோவைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"டிரோவுக்கா?"

"ஆமாடா."

"டிரோன்னா டிரோன்னு சொல்லவேண்டியதுதானக்கா" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். அம்மா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். பஸ்ஸே சிரித்தது. ஏறியதிலிருந்து அவனைப் பார்க்காதவர்கள் எல்லோரும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச தூரம் போனபிறகு நான் கேட்டேன். அது டிரோதான் என்று தெரிந்திருந்தால் பந்தை வெளியே அடித்திருப்பாயா? நன்றாக யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு.

"தெரியலக்கா. முன்னால எடம் இருந்துச்சு."

இதைத்தானே ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். முன்னால் இடம் இருக்கிறது, போங்கள். நான் திட்டித் தீர்த்த அணியில் ஒருவனுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது, அவன் அங்கே போயும் வந்துவிட்டான். இறங்கிவிட்டோம் என்ற வலி அப்படியேதான் இருந்தது. அதற்கு மேலே ஒரு பெருமை வந்து ஏறிக்கொண்டது. எங்கள் தம்பி என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. எல்லோருக்கும் அவனைத் தெரியும் என்பதால் சும்மா இருந்தேன்.

வீட்டில் பையை வைத்துவிட்டு, நேராகத் தண்ணீர்த் தாங்கிக்கு ஏறி நானாவை அழைத்தேன். அரைப்பேர் என்றால் தராசடியில் என்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருக்கு அது வெறும் பாதி என்றுதான் தெரியும். இத்தனை வருடம் தோட்டத்து ஆட்களுக்குச் செருப்பு விற்றும், ஒருவரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை.

"நான்தானே அந்தச் சொல்ல அவருக்குக் குடுத்தேன்" என்றார். பிறகு தம்பி சாப்பிட்டானா என்று கேட்டார். நாளைக்குக் கடைக்கு வரச் சொல், அந்தக் கிழிந்த பூட்ஸோடு இனி ஆடக்கூடாது என்றார். சரி என்றேன். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆனா தங்கச்சி, ஒன்டு சொல்றேன். அவன் அடிக்காம வலது பக்கம் குடுத்தீந்தா கோலு. ஆபிரிக்காக்காரன் தனியா நிண்டீந்தான்."

"அந்த எடத்துலேர்ந்து எப்படி நானா குடுக்கிறது? ரெண்டு பேரு மறிச்சுக்கிட்டு நின்னாங்க."

"எங்க மறிச்சானுகள்? நான் பாத்துக்கொண்டுதானே ஈந்தேன்."

நீங்கள் தலையில் கைவைத்துக் கண்ணை மூடியிருந்தீர்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் முழுக்க நானும் அவரும் சண்டை போட்டதெல்லாம் எங்கள் கோல் கம்பத்தடியில் நடந்த தவறுகளுக்காகத்தான். கொழும்புக்காரர்களின் கோல் கம்பத்தடியில் நாங்கள் செய்த ஒரு தவறுக்காகச் சண்டை போட்டது அன்றுதான் முதல் தடவை. அந்தச் சண்டையை விட்டுவிட எனக்கு மனமில்லை. சார்ஜ் தீரும்வரை போட்டேன்.