மஞ்சள் துணி கட்டிய மிதவைகள்

அந்த ஆஸ்பத்திரி விறாந்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது.

துறைமுகத்தில் படகோட்டும் பயிற்சிக்குப் போன எங்கள் மகளை, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண் டொக்டரிடம் காத்திருந்த சனத்துக்கு முன்னால் என் மனுசன் கத்தினார்: "இது உன்ர ஆக்களிட்ட இருந்து வந்த குறை!"

மகளைச் சோதித்து வெளியே இருத்திவிட்டு, டொக்டர் எங்களைக் கூப்பிட்டா.

"வலைக் கயிற்றில மிதவை கட்டின மாதிரி, குரோமோசோமில மரபணுக்கள் வரிசையா இருக்கு. இந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில. பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு எக்ஸ் தாயிட்ட இருந்து வரும், மற்றது தகப்பனிட்ட இருந்து. ரெண்டிலயும் பிழை இருந்தால்தான் இப்பிடி. உங்கட மனுசிக்கு மற்ற எக்ஸ் நல்லது, அதால நிறம் தெரியுது. ஆம்பிளைக்கு ஒரு எக்ஸ்தான் ஐயா, அதுதான் மகளுக்கு வந்தது. அப்ப உங்களுக்கும் இது இருக்கு, என்ன?"

அவர் தலையாட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் சல்லிக் கடற்கரையில் எங்கள் வலை மிதவைகள் சிவப்பு, பக்கத்து மீன்வாடிக்காரருடையவை பச்சை. கல்யாணம் கட்டிய நாள் முதல் எங்கள் மிதவைகளில் மஞ்சள் துணி கட்டச் சொல்லுவார். அம்மனுக்கு நேர்த்தி என்றார். நான் விரதமிருந்து கட்டினேன்! அவருக்கு எல்லாம் தெரியும்.

பாதி என்னிடமிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. கண்ணில் குறை இருப்பது குற்றமுமில்லை. அதை மறைக்க அம்மனையும், பிறகு என்னையும் பிடித்தாரே, அதுதான் ஆறவில்லை.

மறுநாள் துணி கட்டவேண்டிய புது மிதவைகளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"முதல்ல மகளிட்ட உண்மையைச் சொல்லுங்கோ," என்றேன். "பிறகு கட்டித் தாறன்."