சோறு போக மீதி நேரம்

கண் ஆபரேஷன் முடிந்து ஜவ்வாது மலைக்குத் திரும்பிய கோபால்சாமிக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முதலில் தெரிந்தது காலிக் கொட்டகை. அவர் ஆலங்காயத்தில் மகன் வீட்டில் படுத்திருந்த நாட்களில், மகன் ராஜ்குமார் உழவு மாடு இரண்டையும் விற்றிருந்தான்.

"எழுவது வயசாவுது. இன்னும் எதுக்குப்பா இந்தப் பாடு? உக்காந்து சாப்புடு" என்றான் ராஜ்குமார்.

சொன்னதோடு நிற்கவில்லை. தாயில்லாத வீட்டில் அப்பா அடுப்பு மூட்டக் கூடாது என்று, அப்பாவுக்குத் தம்பி முறையானவரின் மகன் கிருஷ்ணன் வீட்டிலிருந்து மூன்று வேளையும் சோறு வர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தன் செல்போன் கடைக்குத் திரும்பினான். கிருஷ்ணனின் மனைவி ரேணுகாதேவி நல்ல பெண். ஆனால் கோபால்சாமி விறகு பொறுக்கினால் பிடுங்கிக்கொள்வாள், குடத்தைத் தொட்டால் ஓடி வருவாள். சித்திரையில் புளி உலுக்கப் போனவர்கள் அவரை நிழலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். யாரைப் பார்த்தாலும் இதே உபசாரம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்பாக இருப்பவர்களை என்னவென்று திட்டுவது?

ஆடியில் நல்ல மழை பிடித்தது. சாமை விதைக்க வேண்டிய ஈரம். கிருஷ்ணனிடம் ஒருநாள் உழவுக்கு மாடு கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். கொடுக்கக் கூடாது என்று ராஜ்குமார் போனில் சொல்லியிருக்கிறானாம்.

மறுநாள் விடிந்ததும் கோபால்சாமி மம்பட்டியோடு தன் மேட்டு நிலத்தில் இறங்கினார். உழ வேண்டியதைக் கொத்த ஆரம்பித்தார். இடுப்பு விண்ணென்று வலித்தது, உள்ளங்கை கொப்புளித்தது. ஆனாலும் பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டார். சில நாளில் அவர் பாதி நிலம் கொத்தியிருந்தபோது, வழியே போன யாரோ அதை வீடியோ எடுத்து ராஜ்குமாருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வந்தான். வரப்பில் நின்றபடியே கேட்டான்.

"கீழ ஆலங்காயத்துல இன்னா கேக்குறாங்க தெரியுமா? அப்பனுக்கு சோறு போடலியான்னு கேக்குறாங்க."

கோபால்சாமி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "சோறு போடுற. இல்லன்னு சொல்லல. சோறு துன்ற நேரம் போவ மீதி நேரத்துக்கு இன்னாடா போடுற?"

ராஜ்குமார் பைக்கைத் திருப்பிக்கொண்டு கீழே போனான். அடுத்த நாள் அவன் அனுப்பிய டிராக்டர் வந்தது. அவர் நாள்கணக்கில் கொத்தியதைப் போன்ற இன்னொரு பாதியை அது டீ குடிக்கிற நேரத்தில் உழுது போட்டது. தான் கொத்திய இடத்தில் சக்கரம் படக் கூடாது என்று குறுக்கே நின்றார். டிரைவர் சிரித்துக்கொண்டே திருப்பிக்கொண்டு போனான். அந்தச் சிரிப்பு வெகுநாள் அவரைக் குடைந்தது. விதையை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் நிலம் முழுக்கத் தானே விதைத்தார்.

களையெடுக்கவும் ராஜ்குமார் ஆள் அனுப்பினான். அவர் சண்டை போட்டுத் தடுத்தார். அப்பனும் மகனும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. சாமை நன்றாகவே விளைந்தது. ராஜ்குமார் வந்து மூட்டை தூக்கிக் கொடுத்தான். அடுத்த வருஷம் இதெல்லாம் வேண்டாம் என்று போகும்போது மறுபடியும் சொன்னான். அவர் காதில் வாங்காத மாதிரி சாக்கை உதறிக்கொண்டிருந்தார். இது முடிகிற வழக்கில்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வாரம் கிருஷ்ணன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"பெரீப்பா, நாளைக்கு எங்க அறுப்புக்கு ஆள் கொறையுது. வர்றீங்களா?"

ஊரில் ஒருவன் அவரை ஆளாகக் கணக்கெடுத்துக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. அவர் வாய் திறப்பதற்குள் கிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினான். "ராஜ்குமாருக்கு மட்டும் தெரிய வேணாம்."

சுருக்கென்றது. கூலிக்குப் போவதைக்கூட திருட்டுக்குப் போவதுபோல் ஒளித்துப் போக வேண்டும். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் கோபால்சாமி அரிவாளைத் தேடி எடுத்துத் தீட்ட உட்கார்ந்தார். மறுநாள் மற்றவர்களுக்கு முன்பே கிருஷ்ணனின் அறுப்புக் கொல்லையில் நின்றார்.