கல்யாண ஷூவின் வயது

கீரனூரில் இருந்து திருச்சிக்கு பஸ் ஏறி ஆபீஸ் போய் வருகிற எனக்குப் பழைய ஷூ என்றால் பைத்தியம். தைத்துச் சரிசெய்வேன்தான். ஆனால் அது எந்தக் காலத்தது, யார் போட்டு எப்படி நடந்தார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான் வெறி. தையல் ஓட்டை, ஆணி, கயிறு கோக்கும் வளையம், எதைப் பார்த்தாலும் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஆவூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பதி என் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈரல் கெட்டுவிட்டது, சில மாதம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அந்த அம்மா துணிப்பையிலிருந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூவை எடுத்து வைத்தார். சோல் வாய் பிளந்திருந்தது.

"கல்யாணத்துக்கு இவுக புதுசா வாங்குனது தம்பி. அன்னைக்கு ஒரு நாள் போட்டதோட சரி."

"இனி இன்னொரு நாள் போடணும்," என்றார் அவர். "அன்னைக்கு நடக்குற வேல இல்ல. லேசாத் தச்சாப் போதும்."

"பேசாம இருங்க!"

அவர்கள் வீட்டு வழக்கம் அது. கல்யாணக் கோட்டும் ஷூவும் பத்திரமாக இருக்கும். அடக்கத்தன்று அதையே போட்டு அனுப்புவார்கள். அவருக்கு அது ஒன்றுதான் ஆசை.

நான் ஷூவைத் திருப்பினேன். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"சார், இது கல்யாணத்துக்கு முன்னாடியே தேஞ்சு சோல் மாத்துன ஷூ! இந்தத் தையலுக்குப் பக்கத்துலயே பழைய தையலோட ஓட்டை இருக்கு பாருங்க. உள்ள விரல் பதிஞ்ச தடம் ஒங்க கால விடப் பெருசு. யாரோ அஞ்சாறு வருசம் போட்டு நடந்திருக்காங்க."

அந்த அம்மா ஷூவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"எங்கப்பாகிட்டயும் புதுசுன்னுதான சொன்னீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "பழைய சாமான் கடையில எடுத்தேன். யாரோடதுன்னு தெரியாது," என்றார். எழுந்தார். "தைக்க வேணாம் தம்பி." ஷூவை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அந்த அம்மா பத்தடி தள்ளிப் பின்னால் போனார்.

நான் தைத்தேன். மூன்று வாரம், மெழுகு நூலில், ஒவ்வொரு பழைய ஓட்டையிலும் ஊசியை நுழைத்து. போன் போட்டபோதெல்லாம் "வாரேன், வாரேன்" என்றார். வரவில்லை. தவக்காலம் தொடங்கிய வாரம் இறந்துபோனார்.

ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். அந்த அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பையை வாங்கவில்லை.

"யாரோ போட்டத எனக்குப் போடாதேன்னுட்டாரு," என்றார். கோபமே இல்லாத குரல். "நாப்பது வருசமா அது புதுசாத்தான் இருந்துச்சு தம்பி. ஒங்க கைக்கு வந்துதான் பழசாப் போச்சு."

பெட்டிக்குள் அவர் காலில் மகன் காலையில் அவசரமாக வாங்கி வந்த ஷூ. சோலில் ஒட்டியிருந்த சீட்டை யாரும் பிய்க்கவில்லை. சுற்றிலும் எல்லோரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சீட்டில் தயாரித்த மாதமும் வருஷமும் படித்துக்கொண்டிருந்தேன்.