அம்மா பேசட்டும்

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபைக்கு நான் போதகராக வந்த பிறகுதான் பொறாமை என்னிடம் நிரந்தரமாகக் குடியேறியது. பெரிய சபை வைத்திருக்கும் வேறொரு போதகர் மேல் வந்திருந்தால்கூட சகித்திருப்பேன். வந்தது என் மனைவி மேல்.

கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் மாலையில் எங்கள் வாசலில் நிற்பார்கள். முன்னறையில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருக்கும் என்னிடம், "ஐயா, அம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் செருப்பைக் கழற்றியிருப்பார்கள். அடுப்படியில் பேச்சுக்குரல் தாழும். பிறகு அழுகை கேட்கும், சில நாள் சிரிப்பும். இறையியல் படித்தவன் நான். அவர்கள் மனதைத் திறப்பதோ வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவளிடம்.

ஒருமுறை சபைப் பெண் ஒருத்தியின் கணவர் மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டி இறந்துபோனார். அந்தப் பெண் அழவில்லை. நான் அடிக்கடி அவளுடைய லயத்து வீட்டுக்குப் போய் சங்கீதம் வாசித்து ஜெபித்தேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா" என்பாள். சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மனைவியும் உடன் வந்தாள். ஜெபம் முடிந்ததும், பக்கத்துக் காம்பராவில் காய்ச்சலாகக் கிடந்த பெரியவரைப் பார்க்கப் போனேன். திரும்பியபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் என் மனைவியின் மடியில் முகம் புதைத்துக் கதறிக்கொண்டிருந்தாள்.

"காலையில சண்டை போட்டுட்டுத்தான் மலைக்குப் போனாருங்கம்மா. நான் தேத்தண்ணிகூட ஊத்திக் குடுக்கல."

அவள் அழுததற்காக நான் தேவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றுதான் தோன்றியது. திரும்பும் வழியில் மனைவியிடம், "அப்படி என்னதான் கேட்ட?" என்றேன்.

"அவரு எப்படிப்பட்ட மனுஷன்னு கேட்டேங்க. அவ்வளவுதான்."

நான் அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தேன்.

கணவரின் நினைவுக் கூட்டத்துக்கு முன் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "ஐயா கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு அம்மா ரெண்டு வார்த்த பேசட்டுமே."

"தாராளமா பேசட்டும்" என்றேன். காரணம் எனக்குத் தெரியும். என் மனைவி ஒருநாளும் கூட்டத்தின் முன் நின்று பேசியவள் அல்ல. அவள் தடுமாற வேண்டும் என்று விரும்பினேன்.

அப்படியே நடந்தது. அவள் எழுந்து முன்னால் போய், "அவரு நல்ல மனுஷன்" என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை. சபை காத்திருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து பேசினேன். அன்று வார்த்தைகள் தாமாகவே வந்தன. பின்வரிசை ஆண்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மழை விட்டிருந்தது. வீட்டுக்கு இறங்கி வரும்போது அவள் சொன்னாள்: "நீங்க எழும்பிப் பேசுனீங்கல்ல, எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எப்பவுமே அப்படித்தான்."

"எப்பவுமேயா?"

"கல்யாணமானதுலருந்து. எனக்கு மட்டும் ஏன் பேச்சு வர மாட்டேங்குதுன்னு நெனப்பேன்."

"எனக்கும் ஒம்மேல பொறாமைதான்" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "எம்மேலயா? எதுக்குங்க?"

அடுப்படியைப் பற்றிச் சொன்னேன். வாசலில் என்னைத் தாண்டிப் போகும் பெண்களைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ வர்றவங்கள உங்ககிட்டயே அனுப்பிரட்டுமா?"

"வேணாம். எங்கிட்ட அவங்க பேச மாட்டாங்க."

"அதுவும் சரிதான்" என்றாள். அதில் கேலி இல்லை. "ஆனா அவங்க போன பெறகு முகத்தத் தூக்கி வச்சுக்காதீங்க. நான் எதுக்குன்னு தெரியாம பயந்துக்கிட்டு இருந்தேன்."

வழுக்கும் சரிவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பொறாமை இன்னும் போகவில்லை. கறியில் உப்புக் கூடினால் சொல்வதுபோல, இப்போது அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அவள் தடுமாற வேண்டும் என்று அன்று நான் விரும்பியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.